முழங்கால் தேய்மானம்: எவ்வளவு வலி வரை போகலாம்?

முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே பலர் நடையைக் குறைத்துவிடுகிறார்கள். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. முட்டிக்கு முட்டுக்கொடுப்பது தொடையின் முன்பக்கத் தசை. ஓய்விலேயே இருந்தால் அது மெலிந்து, மூட்டு மேல் சுமை கூடும். எக்ஸ்ரேயைப் பார்த்தும் மிரள வேண்டாம். படத்தில் தெரியும் தேய்மானத்துக்கும் வலியின் அளவுக்கும் பல சமயம் பொருத்தமே இருக்காது.

காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். அதை முட்டியால் கீழே அழுத்தி, 5 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். 10 முறை, மூச்சை அடக்காமல். இது பழகியதும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள். தாழ்வான நாற்காலியில் முட்டி அதிகம் மடங்கி வலிக்கும். ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். தொப்பென்று உட்காராதீர்கள், மெல்ல இறங்கும்போதுதான் தசை நன்றாக வேலை செய்கிறது.

வலித்தால் நிறுத்துவதா? பத்துக்கு ஐந்து வரையிலான வலியைப் பொறுக்கலாம், அது 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால். இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே நம்பிக்கை இழந்து விடுகிறவர்களை நினைத்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மருந்தில் முதலில் டைக்ளோஃபினாக் ஜெல். மாத்திரையைவிட ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஒருநாள் தடவிவிட்டு 'கேட்கவில்லை' என்று தூக்கிப்போடாமல், அட்டையில் போட்டிருக்கும் அளவில் சில நாள் தொடர்ந்து தடவ வேண்டும். வலி மாத்திரையை நீங்களே வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். வயிற்றுப்புண் வரலாம், சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம். பாரசிட்டமால் இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை.

உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும்.

கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். இரவில் முட்டிக்கடியில் தலையணை வைத்தால் இதமாகத்தான் இருக்கும், ஆனால் நாளடைவில் கால் முழுக்க நீட்ட வராது.

முட்டி திடீரென வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அது தேய்மான வலி என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.