இரங்கல் நாளும் கரடி நடமாட்டமும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கள அலுவலராக வேலை பார்த்தேன். பறிப்பு, உரம், மருந்தடிப்பு என்று என் வேலைகளுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதில் எழுதாத வேலை, ஆட்கள் யாரும் கரடியிடம் மாட்டாமல் பார்த்துக்கொள்வது. பெரிய தலைவர் யாராவது இறந்தால் அந்த வேலை இரண்டு மடங்காகிவிடும்.

நீலகிரிக் கரடிக்கு மோப்பம் அபாரம், ஆனால் கண்ணும் காதும் மந்தம். ஆள் வருவது மிக அருகில் வந்த பிறகுதான் அதற்குத் தெரியும், அந்தத் திடுக்கிடலில்தான் பாயும். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வந்த மிருகம், ஓடி ஒளிவதைவிட எதிர்த்து நிற்பதுதான் அதன் குணம். பின்னங்காலில் எழுந்து முகத்தையும் தலையையும் கிழித்துவிடும். குட்டிகளை முதுகில் சுமந்து வரும் தாய்க்கரடி என்றால் இன்னும் ஆபத்து. அதனால் புது ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவோம்: தனியாகப் போகாதே, பேசிக்கொண்டே நட, கரடியைக் கண்டால் ஓடாமல் மெதுவாகப் பின்வாங்கு, மரம் ஏறாதே, அதுவும் ஏறும். மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்.

வேலை நாளில் இதையெல்லாம் கடைப்பிடிப்பது சுலபம். காலையில் பேர் கூப்பிடுவோம், சாயங்காலம் இலை எடை போடும்போது யார் வரவில்லை என்பது தெரிந்துவிடும். துக்க விடுமுறையில் பேர் கூப்பிடுவதே கிடையாது. யார் எங்கே போனார், திரும்பினாரா என்று கேட்க ஆள் இருக்காது.

2016 டிசம்பர் 5 மாலை, ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் சொல்ல, மருத்துவமனை மறுத்தது. அதற்குள் டவுனில் கடைகளை அடைத்துவிட்டார்கள், பஸ்ஸும் இல்லை. சாமான் வாங்கப் போயிருந்த எங்கள் பெண்கள் குறுக்குப் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், கூடவே மூடுபனி. ரோட்டைவிட்டு இறங்காதீர்கள் என்று போனில் சொல்லிவிட்டு ஜீப்பை அனுப்பினோம். அவர் இறந்தது அன்றிரவு பதினொன்றரைக்கு.

மறுநாள் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் முனையில் அவர் படத்தை வைத்து மாலை போட்டார்கள். அவர் வந்து தங்கும் கொடநாடு பங்களா பக்கத்தில்தான் என்பதால் அவர் கார் போவதை நின்று பார்த்தவர்கள் பலர். நேரில் பேசியறியாத ஒருவருக்காக இப்படி அழுவது அறியாமை என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு எனக்கு ஒப்பாது. 2011 முதல் ரேஷனில் விலையில்லாமல் வந்த அரிசியில்தான் அந்த வீடுகளில் உலை கொதித்தது. அந்த அழுகை உண்மையானது.

ஆனால் படத்துக்கு முன்னால் வாழைத்தார், தேங்காய், நிறைய எண்ணெய் ஊற்றிய விளக்கு. காட்டில் கறையானும் தேனும் பழமும் தின்கிற கரடி, ஊருக்குள் வந்தால் எண்ணெயைத்தான் தேடும். கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கதை எங்கள் மலையில் புதிதல்ல. நாலு மணிக்கு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். ஒரு பாட்டி மறித்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு ராத்திரியாவது வெளக்கு எரிய வேணாமாய்யா?"

"எரியட்டும் பாட்டி. ஆனா இங்க வேணாம். விடிகாலைல தண்ணி பிடிக்க நீங்கதான முதல்ல வருவீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். குழந்தைகள் காப்பகத்துக்கு இரும்புக் கதவு உண்டு. படமும் விளக்கும் உள்ளே போயின. பழத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம், தேங்காய் ஓட்டைக்கூட வெளியே போடவில்லை.

மௌன ஊர்வலம்தான் பெரிய சிக்கல். கரடி நடமாடும் இடத்தில் சத்தம்தான் பாதுகாப்பு. பொழுது சாயும் நேரத்தில், புதர் மண்டிய பாதையில் ஒரு கூட்டமே வாய் திறக்காமல் நடப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நண்பகலில், தார் ரோட்டில் போகலாமே என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள்.

2018 ஆகஸ்ட் 7 மாலை கருணாநிதி மறைந்தபோது, வேறு கட்சி ஆட்கள் அதே காப்பகத்தில் விளக்கு ஏற்றினார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்டோர் இறந்தார்கள். மறுநாள் வெலிங்டனிலிருந்து உடல்களைச் சூலூர் விமானப்படைத் தளத்துக்குக் கொண்டு போனபோது மக்கள் வழியில் நின்று பூத்தூவினார்கள். எங்கள் ஆட்களும் போக ஆசைப்பட்டார்கள். வண்டி ஏற்பாடு செய்தோம். ஏறும்போது பெண்களில் ஒருவரே நோட்டில் பேர் எழுதிக்கொண்டார். இருட்டுவதற்குள் திரும்பி வந்ததும், அந்த நோட்டை வைத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார்.