கழற்ற வராத கன்சோல் எதற்கு?

பழைய கான்டெஸா காரில் கை வைக்கிறவர்கள் எல்லாம் இன்ஜின், வீல், சைலன்சர் என்று போய்விடுவார்கள், உள்ளே பார்த்தால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கியர் ராடு மட்டும் மொட்டையாக நிற்கும். எனக்கு வந்த வண்டியிலும் கன்சோலை, அதாவது சீட்டுகளுக்கு நடுவில் வருகிற பெட்டியை, யாரோ முழுசாகப் பிடுங்கியிருந்தார்கள். 2002-ல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு கிருஷ்ணகிரியில் எந்தக் கடையில் போய் கன்சோல் கேட்பது? நாமே செய்தாக வேண்டும்.

முதலில் அட்டை. ஃப்ரிட்ஜ் வந்த கெட்டி அட்டையை வெட்டி, டனல் (தரையின் நடுவில் மேடாக ஓடும் பகுதி) மேல் உட்கார வைத்து, டேப் ஒட்டி, சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஆர்ம்ரெஸ்ட் உயரமாக இருந்தால் பார்க்க ஜம்மென்று இருக்கும், ஆனால் இரண்டாவது, நான்காவது கியருக்குப் பின்னால் இழுக்கும்போது முழங்கை போய் இடிக்கும். இன்னொன்று, இது பின்சக்கரம் இழுக்கிற வண்டி, கியர் ராடு நேராக கியர்பாக்ஸிலிருந்தே மேலே வருகிறது, கியர்பாக்ஸோ ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு ராடைப் பாருங்கள், ஆடும். நிறுத்தின வண்டியில் அளவெடுத்து ஓட்டையை ஒட்டினாற்போல் வெட்டினால் ஓடும்போது கடகடவென்று தட்டும். ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் போட்டுப் பார்த்து, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், அதை பூட் (கியர் ராடைச் சுற்றிப் போடும் மடிப்பு உறை) மூடிக்கொள்ளும்.

பக்கங்களுக்கு 12 எம்எம் பிளைவுட், வளைவுகளுக்கு ஃபைபர். சட்டத்தின் மேல் பனியன் துணியை இழுத்துக் கட்டி, ரெசின் (இறுகிக் கெட்டியாகிற பிசின்) பூசி, இறுகியதும் உள்பக்கம் கிளாஸ் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டினால் போதும். கிரானைட் பட்டறைகள் நிறைந்த ஊர் என்பதால் தேய்க்கிற டிஸ்குக்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. (ஒரு நண்பர் கன்சோல் மேலேயே பாலிஷ் போட்ட கிரானைட் பலகை வைக்கச் சொன்னார். 18 எம்எம் கல் சதுர அடிக்கு நாலரை கிலோ வரும் அண்ணே, சும்மா இருங்க என்றேன்.) ரெசின் வாங்கும்போது மட்டும் கவனம், சாதாரண சாப்டு மேட்டுக்கு (துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய கிளாஸ் மேட்) பாலியஸ்டர் ரெசின்தான் சரி, மேட்டில் இருக்கிற பசை அதில்தான் கரைந்து துணி மாதிரி படியும். அதே பாலியஸ்டர் தெர்மாகோலையும் தின்றுவிடும், அச்சுக்கு தெர்மாகோல் வைக்கிறவர்கள் மேலே டேப் சுற்றிவிட்டுத்தான் பூச வேண்டும். ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஒரு பங்குக்கே டப்பா சூடாகி கட்டியாகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ரெசின் இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட் ஆக்ஸிலரேட்டரைத் தனியாக வாங்கினால் அதையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் மற்றது.

முகப்பு அளவுகள் எளிது. சிங்கிள் டின் (DIN, கார் ஸ்டீரியோவின் பொது அளவு) ஸ்டீரியோவுக்கு 180-க்கு 50 எம்எம், டபுள் டின்னுக்கு 180-க்கு 100, மீட்டர்களுக்கு 52 எம்எம் வட்டம். ஆயில் பிரஷர், வோல்ட் இரண்டும் போதும், அதற்கு மேல் வைப்பதெல்லாம் ஷோ. சில்லறைக்கு ஒரு குழி வைக்க நினைத்து விட்டுவிட்டேன், டோலில் ஃபாஸ்டாக் வந்த பிறகு சில்லறை யாருக்கு வேண்டும்? அந்த இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிற்கிறது.

நான் பிடிவாதமாக நின்றது ஒரே விஷயத்தில்தான்: கன்சோல் மொத்தமும் நான்கு போல்ட்டில் வெளியே வர வேண்டும். பசை போட்டு ஒட்டி, ஒயரை ஒயரோடு முறுக்கி டேப் சுற்றி, அழகாக முடித்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கியர் ராடின் அடியில் தேய்கிற புஷ் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லும் அன்று அந்த அழகை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்ப வேண்டியதுதான். ஒயரெல்லாம் பிடுங்கி மாட்டுகிற ஒரே கப்ளரில் முடிய வேண்டும், சப்ளை பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் தாண்டித்தான் வர வேண்டும். டனலில் கண்ட இடத்தில் டிரில் போடாதீர்கள், கீழே கியர்பாக்ஸும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஓடுகின்றன. நான் லேத்து பட்டறையில் இரண்டு எல் பட்டை வளைத்து, சீட் போல்ட்டிலேயே சேர்த்து முடுக்கிவிட்டேன். இரும்பும் பிளைவுட்டும் தொடுகிற இடத்தில் ஃபெல்ட் ஒட்டியதால் கீச்சென்ற சத்தமும் இல்லை.

குஷன் கடையில் ரெக்சின் போடக் கொடுத்தபோது கடைக்கார அண்ணன் ஓரத்தை மடித்து அடியில் ஸ்டேப்ளர் அடிக்கட்டுமா, போல்ட் ஓட்டைகளையும் சேர்த்து மூடிவிடட்டுமா, நீட்டாக இருக்கும் என்றார். வேண்டாம் அண்ணே, போல்ட் தலை வெளியே தெரியட்டும் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் கேட்டபடியே போட்டுக் கொடுத்தார்.