ஸ்வெட்டர் சாகறது பீரோவுக்குள்ளதான்

சென்னைல இருக்கறவங்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. வருஷம் பூரா ஒரே துணிதான், போடுவோம், கிழிஞ்சா கரித்துணி. டெல்லில நம்ம துணில பாதி எப்பவும் பீரோலதான் கிடக்கும். ஹோலி வந்தா ஸ்வெட்டர், ஷால், ரஜாய்ங்கற பஞ்சுப் போர்வை எல்லாம் உள்ள போகும், தீபாவளி முடிஞ்சு வெளிய வரும், பிரிச்சுப் பாத்தா முழங்கைல சல்லடை மாதிரி ஓட்டை. போட்டுத் தேஞ்சிருந்தா கூட மனசு ஆறும், இது சும்மா மடிச்சு வச்சதுக்கே போயிருக்கும். என்னைக் கேட்டா இந்த ஊர்ல உடுத்திக் கெடற துணி கம்மி, துவைச்சும் பூட்டி வச்சும் கெடறதுதான் ஜாஸ்தி.

வாங்கறப்பவே பாதி விஷயம் முடிவாயிடும். குளிர் ஆரம்பிச்சா சரோஜினி நகர், லாஜ்பத் நகர் பக்கம் ஸ்வெட்டரைக் குவிச்சுப் போட்டு கூவிட்டிருப்பாங்க. கலரு டிசைனு எல்லாம் அப்புறம், நான் முதல்ல உள்பக்கத்த வெளிய திருப்பிடுவேன், கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். தோள் தையலையும் அக்குள் தையலையும் ரெண்டு கைலயும் புடிச்சு லேசா இழுத்தா நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு பாக்கணும், தெரிஞ்சா கீழ வச்சுட்டு நகர்ந்துடலாம். அப்புறம் ஒரே எடத்துல கட்டைவிரலால கொஞ்ச நேரம் தேய்ச்சுப் பாப்பேன், உடனே பிசிறு கிளம்புச்சுன்னா குட்டை குட்டை இழைய வச்சுத் திரிச்ச நூல்னு அர்த்தம், சீசன் முடியறதுக்குள்ள அக்குள் பக்கமெல்லாம் உருண்டை உருண்டையா வந்து நிக்கும்.

லேபிள்ல சுத்தக் கம்பளிக்கான ஊல்மார்க் முத்திரை இருக்கேன்னு சந்தோஷப்படலாம், 1964லேர்ந்து இருக்கற முத்திரை அது, ஆனா பிளாட்பாரத்துல எந்த லேபிள எதுல தைச்சாங்கன்னு யாரு கண்டா. உள்ள தொங்கற ஒரு நூல வீட்டுக்கு வந்து கொளுத்திப் பாத்தா தெரிஞ்சுடும். கம்பளின்னா முடி கருகற நாத்தம் வரும், சாம்பல விரலால நசுக்கினா பொடிஞ்சுடும். அக்ரிலிக்னா உருகி, ஆறினதும் கெட்டியா ஒரு கருப்பு மணி உக்காந்திருக்கும். பட்டுக்கும் இதே முடி கருகற நாத்தம்தான், அதுவும் புரதம்தானே. (அக்ரிலிக்க நான் மட்டமா பேச மாட்டேன். அந்துப்பூச்சி அத சாப்பிடாது, மெஷின்ல போடலாம், வளர்ற புள்ளைங்களுக்கு லூதியானா அக்ரிலிக்கே போதும், அடுத்த வருஷம் கை எட்டாதுன்னு தெரிஞ்சே வாங்கறதுதானே.)

அடுத்தது துவைக்கறது. ஆர்.கே. புரத்துல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மாமி, கல்யாணமாகி டெல்லி வந்த புதுசுல வாங்கின கார்டிகன இன்னும் போட்டுண்டு மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வருவா. என்ன மாமி ரகசியம்னு கேட்டேன். "ரகசியம் என்னடி ரகசியம், தெனம் தோய்க்காம இருந்தாப் போறும், கம்பளி என்ன உள்பாவாடையா?" அப்படின்னா. அவ்வளவுதான் விஷயம். கம்பளி இழை மேல நுண்ணுசா செதில் இருக்கு, சுடுதண்ணி ஊத்தி மெஷின்ல போட்டு அலசினா அந்தச் செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும், திரும்பப் பிரியாது, பெரியவங்க ஸ்வெட்டர் சின்னப் புள்ளைக்கு சைஸ் ஆயிடும். அதனால உள்ள ஒரு பருத்திச் சட்டை போட்டுட்டு மேல ஸ்வெட்டர், ராத்திரி கழட்டினா நாற்காலி முதுகுல காத்தாட ஒரு வேளை, கறை பட்டா அந்த எடத்த மட்டும் ஈரத்துணியால தொடைக்கறது. தோய்ச்சே ஆகணும்னா பச்சைத்தண்ணி, ஈஸி மாதிரி திரவ சோப்பு, முறுக்காம துண்டுக்குள்ள வச்சு சுருட்டி அமுக்கி, படுக்கப் போட்டுக் காய வைக்கணும். கொடில தொங்கவிட்டா தண்ணி கனத்துலயே நீண்டுடும்.

என்சைம் போட்ட பவுடர் கம்பளிக்கும் பட்டுக்கும் கிட்டயே வரக்கூடாது. அந்த என்சைம் பால் கறை ரத்தக் கறைன்னு புரதத்தக் கரைக்கறதுக்குன்னே போட்டது, எது கறை எது துணின்னு அதுக்கு எங்க தெரியப் போகுது.

பருத்திக்கு இங்க வேற பிரச்சனை, தண்ணி. துவாரகா பக்கம் போர் தண்ணி டேங்கர் தண்ணின்னு வர்ற வீட்ல கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேந்து துணிலயே படிஞ்சு, வெள்ளை சட்டை சாம்பல் கலராயிடும், துண்டு அப்பளமா நிக்கும். கூட ஒருதரம் அலசறதும், துண்டுக்குக் கடைசித் தண்ணில கொஞ்சம் வெள்ளை வினிகர் விடறதும் எனக்கு சரியா வருது. மத்தபடி ஜிப்ப மூடி உள்பக்கம் திருப்பிப் போடறது, மே மாச வெயில்ல கலர் துணிய நெழல்ல காய வைக்கறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இஸ்திரில மட்டும் ஒண்ணு. லேபிள்ல இஸ்திரிப்பெட்டிக்குள்ள 1 புள்ளின்னா 110 டிகிரி, 2 புள்ளின்னா 150, 3 புள்ளின்னா 200. தெருமுனை பிரெஸ்வாலா பையாவோட கரிப்பெட்டிக்கு இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் தெரியாது, அதனால பருத்தி அவர்கிட்ட, பாலியெஸ்டர் வீட்ல.

இப்ப பீரோவுக்கு வரேன். பறக்கற அந்துப்பூச்சி துணியத் தின்னாது, அது போட்ட முட்டைலேர்ந்து வர்ற புழுதான் தின்னும், அதுக்கும் இருட்டா யாரும் தொடாத எடமா வேணும், வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் ஒட்டின எடம்னா இன்னும் குஷி. காலர், முழங்கை, வயித்துப்பக்கம்னு பாத்துப் பாத்து ஓட்டை விழறது இதனாலதான். ஒருதரம்தானே போட்டோம்னு ஷால அப்படியே மடிச்சு உள்ள வைக்கறவங்க புழுவுக்கு இலை போட்டு வைக்கறாங்க. தோய்ச்சு, நல்லா காய வச்சு, பழைய மல்வேஷ்டில சுத்தி வைக்கணும், நடுவுல மழை நின்ன ஒரு நாள் எடுத்து உதறி வெயில் காட்டணும். ஏற்கனவே புழு இருக்கோன்னு சந்தேகம் வந்தா பிளாஸ்டிக் கவர்ல காத்துப்புகாம கட்டி ஒரு வாரம் ஃப்ரீசர்ல வச்சுடுங்க, வீட்ல கேலி பண்ணுவாங்க, பரவால்ல.

ரசகற்பூர உருண்டை, அதான் நாப்தலீன், எனக்கு ஆகாது. ஜரிகை மேல நேரா பட்டா கறுக்கும், அத விட, ஜி6பிடி குறைபாடு (ரத்த அணுவுக்கு வேண்டிய ஒரு என்சைம் பிறவிலேயே கம்மியா இருக்கறது) இருக்கற பச்சைக் குழந்தைக்கு அந்த உருண்டை வாசனை ஏறின போர்வையே ரத்த அணுவ உடைச்சு மஞ்சள்காமாலை வரைக்கும் கொண்டு போயிடலாம். அதுக்கு பதில் பட்டுப்புடவை மடிப்புல வசம்பு வச்சுடறது எங்க வீட்டு வழக்கம், ஆனா அது காவல் மட்டும்தான், தோய்க்காம வச்சா வசம்பும் காப்பாத்தாது. புடவைய சில மாசத்துக்கு ஒருக்கா வேற மாதிரி மடிச்சு வைக்கணும், ஒரே மடிப்புலயே இருந்தா ஜரிகை அந்தக் கோட்டுல விட்டுடும்.

அப்படியும் ஓட்டை விழுந்தா ரஃபூ, அதாவது இழை கோத்து ஓட்டை தெரியாம அடைக்கறது. டெல்லில ரஃபூ பண்றவங்கள்ல நிறைய பேர் உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத்காரங்க. வேலைய பக்கத்துல உக்காந்து பாக்கணும், நூல் கடைல வாங்க மாட்டாங்க, அதே துணியோட உள்தையல்ல விட்டிருக்கற ஓரத்துலேர்ந்து இழைய ஒண்ணொண்ணா உருவி, ஓட்டைக்கு குறுக்க ஒருவாட்டி பரப்பி, நெடுக்க மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ஊசில கோத்துக் கோத்து நெசவே போட்டுடுவாங்க. கோட்டு, ஷால் வாங்கறப்ப உள்ள ஓரத்துல துணி தாராளமா விட்டிருக்கான்னு பாக்கச் சொல்றது இதுக்கும்தான், உருவ இழை இல்லன்னா ரஃபூ தனியா தெரியும். ஓட்டை மிளகு சைஸ்ல இருக்கறப்பவே குடுத்துடணும், விட்டா காசும் கூடும் தழும்பும் தெரியும்.

ரஃபூவுக்கும் தேறாதது பர்த்தன்வாலி அக்காவுக்கு. அவங்க பழைய துணிய வாங்கிட்டு எவர்சில்வர் பாத்திரம் குடுப்பாங்க, அப்படி சேர்ற துணி மேற்கு டெல்லி ரகுபீர் நகர் சந்தைக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிடும், தேறறது தைச்சு தேய்ச்சு மறுபடி விலைக்கு வரும். எதுக்கும் ஆகாத கம்பளியப் பிச்சு நூலாக்கிப் போர்வை போடறதுக்குன்னே பக்கத்துல பானிபட் இருக்கு. எங்க தெருவுக்கு வர்ற அக்கா தையல், ஜிப்பு, காலர் உள்பக்கம்னு திருப்பித் திருப்பிப் பாக்கற பார்வைய நாம கடைல பாத்தாலே போதும். போன தடவை மூணு அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு ஒரு சின்னக் கிண்ணத்த நீட்டினாங்க. மூடி கேட்டேன், ஜீன்ஸ் இருந்தா தரேன்னாங்க.