ஓரத்தில் எழுதப்பட்ட பதில்கள்

முப்பது ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். குறிப்பு எழுதி மேலே அனுப்பினால், சில நாள் கழித்து அதன் ஓரத்தில் பச்சை மையில் "பேசவும்" என்ற ஒற்றைச் சொல்லோடு அது இறங்கி வரும். அந்தச் சொல்லைக் கண்டதும் வயிற்றில் எழும் கலக்கத்தை அறிந்தவர்களுக்கு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸிடம் பணிபுரிந்த சர் எட்வர்ட் நிக்கலஸ் அந்நியராகத் தோன்றமாட்டார்.

1593-இல் வில்ட்ஷயரில் பிறந்த அவர், கடற்படைத் தலைவராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் செயலாளராக நிர்வாகம் பழகினார். 1628-இல் போர்ட்ஸ்மத்தில் பிரபு கொலையுண்டார். எழுத்துவேலை அறிந்த நிக்கலஸுக்கோ பணி தொடர்ந்தது. 1635-இல் மன்னரின் ஆலோசனைக் குழுவுக்கு எழுத்தரானார். நாடாளுமன்ற ஒப்புதலின்றி விதிக்கப்பட்ட கப்பல் வரியைத் திரட்டும் அலுவலிலும் அவருக்குப் பங்கு இருந்தது. மக்கள் வெறுத்த ஓர் ஆணையை அவர் அத்தனை ஒழுங்காக நடத்திக்கொடுத்ததை நான் அவருடைய குறையாகவே கருதுகிறேன்.

அவருடைய உண்மையான சோதனை 1641-இல் வந்தது. ஆகஸ்டில் மன்னர் ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டார். தலைநகரில் பெரியம்மையும் பிளேக்கும் பரவியிருந்த அந்த மாதங்களில், வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்தும் சர்ரேயில் இருந்த தம் தோர்ப் வீட்டிலிருந்தும் நிக்கலஸ் தொடர்ந்து எழுதினார். மன்னர் தனியாகப் பதில் எழுதாமல், அந்தக் கடிதத்தின் ஓரத்திலேயே தம் கையால் விடையும் கட்டளையும் குறித்துத் திருப்பி அனுப்புவது வழக்கமாயிருந்தது. அரசரின் எண்ணத்தை அறிய அந்த எழுத்தருக்கு இருந்த இடம் ஒரு விரற்கடை அகலமுள்ள ஓரந்தான். இருந்தும், விரைவில் திரும்பி வாருங்கள், இங்கே நிலைமை கைமீறுகிறது என்பதை அவர் சலிக்காமல் வலியுறுத்தினார். மேலிடம் கேட்க விரும்பாததை மரியாதை குறையாமல், பொருளும் குறையாமல் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை என் மேசையில் கிழித்துப்போட்ட வரைவுகள் எனக்குச் சொல்லியிருக்கின்றன.

நவம்பர் 22-ஆம் தேதிக் கடிதம் என் மனத்தை விட்டு அகலவில்லை. மன்னராட்சியின் குறைகளை அடுக்கிய மாபெரும் முறையீட்டின் மீது மக்களவை அன்று விவாதித்துக்கொண்டிருந்தது. நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிய விவாதம் நள்ளிரவை நெருங்கியும் ஓயவில்லை என்றும், முடிவையும் சேர்த்து அனுப்பலாம் என்று தபாலை நிறுத்தி வைத்திருந்ததாகவும், நோயிலிருந்து எழுந்த உடம்பு என்பதால் இனியும் விழித்திருக்கத் துணியவில்லை என்றும் அவர் எழுதினார். அவர் உறங்கச் சென்ற பிறகு, 11 வாக்கு வித்தியாசத்தில் முறையீடு நிறைவேறியது. மூன்று நாளில் லண்டன் திரும்பிய மன்னர், அந்த வாரமே அவருக்குச் சர் பட்டமும் அரசுச் செயலர் பதவியும் அளித்தார்.

பதவி கிடைத்த சில மாதங்களிலேயே மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அரச தரப்பின் தலைமையிடமான ஆக்ஸ்போர்டில் இருந்த அவர், 1646-இல் அந்நகரம் சரணடைந்தபின் கடல் கடந்தார். 1649 ஜனவரி 30-இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. அரசியார் ஹென்றியட்டா மரியாவுக்கு நிக்கலஸைப் பிடிக்கவில்லை. கையில் பணமும் இல்லை. அந்த ஆண்டுகளில் அரச தரப்பின் மற்றோர் ஆலோசகரான எட்வர்ட் ஹைடுக்கு அவரும், அவருக்கு ஹைடும் இடைவிடாது எழுதிக்கொண்ட கடிதங்களைப் படிக்கையில், இருவரும் ஒருவருக்கொருவர் அலுவலகமாகவே இருந்தார்கள் என்று தோன்றுகிறது. 1654-இல், கொல்லப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் அவரை மீண்டும் செயலராக்கினார். 1660-இல் முடியாட்சி திரும்பியது. 1662-இல், அவருக்கு வயது 69 ஆனபோது, அந்த இடம் இளையவரான ஹென்றி பென்னெட்டுக்குக் கொடுக்கப்பட்டது.

வெஸ்ட் ஹார்ஸ்லியில் ஓய்ந்திருந்து 1669-இல் நிக்கலஸ் இறந்தார். எடின்பரோ சென்று திரும்பிய அந்தக் கடிதங்களின் வாசகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது: நடுவில் அவருடைய நீண்ட பத்திகள், ஓரத்தில் மன்னரின் குறுகிய வரிகள்.