கேட்காமல் அனுப்பிய கழிவுநீர்

விஎக்ஸ் என்ற ரசாயன ஆயுதத்தை அழிக்க அவசரப்பட்டதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. தோலில் ஒரு துளி பட்டாலே உயிர் போகும் நஞ்சு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவின் இந்தியானா வயல்களுக்கு நடுவே, நியூபோர்ட் ராணுவக் கிடங்கில் அதை 1,200 டன்னுக்கு மேல் வைத்துக்கொண்டு யார் நிம்மதியாகத் தூங்குவது? சூடான காஸ்டிக் சோடாவில் கலந்து சிதைத்தோம். 2005 மே மாதம் தொடங்கி 2008 ஆகஸ்டில் முடிந்தது.

தகராறெல்லாம் மிஞ்சிய கழிவுநீரில்தான். அதையும் நியூபோர்ட்டிலேயே சுத்திகரிப்பதாகத்தான் முதல் திட்டம். அவசரத்தில் திட்டத்தின் அந்தப் பகுதியைக் கைவிட்டு, வெளியூருக்கு அனுப்ப இடம் தேடினார்கள். ஒஹாயோவின் டேட்டனில் எதிர்ப்பு. நியூ ஜெர்சியிலும் எதிர்ப்பு. கடைசியில் டெக்சாஸின் போர்ட் ஆர்தர். எண்ணெய் ஆலைகளின் புகைக்கு நடுவே கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் ஊர். 2007 ஏப்ரலில் லாரிகள் கிளம்பின.

அதற்கு முந்தைய கூட்டத்தில் ஆய்வகத்து மூத்தவர் ஒருவர், உள்ளூர்க்காரர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "விஎக்ஸை எரிக்கலாமா வேண்டாமா என்று எங்கள் ஊரில் வருடக்கணக்கில் கூட்டம் போட்டீர்களே, அங்கே யாரிடமாவது கேட்டீர்களா?"

"அங்கே எரியூட்டி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது" என்றேன்.

அவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

நான் சொன்னது பொய்யில்லை. நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் விஎக்ஸ் இருந்தால் கழிவுநீர் லாரி ஏறாது. குடுவையில் சற்று நேரம் வைத்தால் எண்ணெய்ப் படலம் மேலே பிரிந்து நிற்கும். அதில் ஏதும் ஒளிந்திருக்குமோ என்று நன்றாகக் குலுக்கிச் சோதித்தவர் அவரேதான். பாதுகாப்பில் அவருக்குச் சந்தேகமில்லை. அவர் கேட்டது வேறு.

அவசரம் விஎக்ஸுக்கு உரியது. சிதைத்து முடித்த கழிவுநீருக்கு அதே அவசரத்தை நாங்கள் காட்டியிருக்க வேண்டுமா? இன்னும் சில மாதம் கலன்களில் கிடந்தால் என்ன? சரி, கலன்கள் நிரம்பினால் சிதைக்கிற வேலையும் நின்றுவிடும். இதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். ஏனோ உரிமம்தான் வாயில் வந்தது.

கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். அப்படியானால் கேட்காமல் விட்டதற்குக் காரணமே இல்லை. மறுத்திருப்பார்கள் என்றால் அனுப்பியதே நியாயமா? அந்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தடுக்கவில்லை. அதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

ஆனாலும் விஎக்ஸை இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே விட்டுவைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.