எபோனைட் பேனாவும் ஒன்பது மெருகு பேடுகளும்: ஐந்தாவது பேனா வரை

ஐந்தாவது பேனாவில்தான் விஷயம் பிடிபட்டது. அதற்கு முன் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்த நான்கு எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களிலும், எல்லா மெருகும் முடித்து ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால், பேரலை, அதாவது பேனாவின் உடலை, சுற்றி ஒன்றிரண்டு முடி மாதிரியான கோடு தெரியும். மெருகு பேடுகளிலேயே மிக நைசான 12000 வரை போன பிறகும் தெரியும். பேட் தேய்ந்துவிட்டது, அடுத்த செட் வாங்க வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். கடைசியில் வாங்கவில்லை. அதே பழைய பேடுகளில்தான் ஐந்தாவது பேனா கோடே இல்லாமல் வந்தது. முக்கியமாக மாறியது பேடுகளை நான் கழுவும் விதமும் வைக்கும் விதமும்தான்.

முதலில் இந்த பேடுகளைப் பற்றி. மைக்ரோ மெஷ் என்று பேனா கடைபவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். இரண்டு அங்குலச் சதுரம், நடுவில் மெத்தென்ற ஃபோம், இரண்டு பக்கமும் தேய்க்கும் துணி. ஒரு செட்டில் ஒன்பது: 1500, 1800, 2400, 3200, 3600, 4000, 6000, 8000, 12000. விமானத்தின் அக்ரிலிக் ஜன்னல்களில் விழும் கீறலை எடுக்கப் பயன்பட்ட சரக்கு, அப்படியே பேனாக்காரர்கள் கைக்கும் வந்துவிட்டது. சாதாரண உப்புத்தாளில் துகள் கெட்டியாக ஒட்டியிருக்கும். இதில் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிற பசைக்குள் இருப்பதால், அழுத்தினால் துகள் உள்ளே போய்க்கொள்ளும், ஆழமாகக் கீறாது. இந்த எண்களை ஹார்டுவேர் கடை வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) எண்ணோடு ஒப்பிடக் கூடாது என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இதில் 1500 என்பது கடையில் கிடைக்கும் 1500 வாட்டர் பேப்பரை விட நன்றாகவே சொரசொரப்பு. கடை பேப்பரில் 1500 வரை தேய்த்துவிட்டு இந்த 1500 பேடை வைத்தால் பின்னோக்கிப் போகிறோம், புதிதாகக் கோடு போடுகிறோம். இப்போது கடை பேப்பரை 400, 600 என்று நிறுத்திவிட்டு நேராக பேடுக்கு வந்துவிடுகிறேன். ஆனால் உளி போட்ட வரி முழுக்கப் போகும் வரை 400ஐ விட்டு நகரக் கூடாது. அந்த வரியை 3200ல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது கடைசி வரை கூடவே வரும்.

எபோனைட்டை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், திருவள்ளூர் ரங்கா பேனா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்த நாளிலிருந்து வேறு எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கியதுதான் எபோனைட். கடையும்போது சைக்கிள் டியூப் சூடானது போல ஒரு வாசனை வரும், சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். கடைந்து எடுத்ததும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கறுப்பு ராடு கூடச் சாம்பல் பூத்த கரும்பலகை மாதிரி இருக்கும். பேடு ஏற ஏற, 3600 தாண்டி 4000ல் தண்ணீரைத் துடைக்கும்போது உள்ளிருந்து கறுப்பு எழுந்து வரும் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கார் ஷெட்டில் நிற்கிறேன்.

சரி, நான் செய்துகொண்டிருந்த தவறு. ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். ஒன்பது பேடும் அதற்குள்ளேயே கிடக்கும். 1500ஐ எடுத்துத் தேய்ப்பேன், திரும்ப அதற்குள் போடுவேன், அடுத்ததை எடுப்பேன். வேலை முடிந்ததும் ஒட்டுமொத்தமாகக் குழாயில் காட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஈரத்தோடு டப்பாவில் வைத்து மூடிவிடுவேன். எங்கள் தெருமுனையில் கார் பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருநாள் காற்றடிக்கும் கம்ப்ரஸர் விஷயமாக வந்தவர், கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒரே தண்ணியிலயா முக்கறீங்க தம்பி? எங்க பட்டறையில பையன் இப்படிப் பண்ணா பக்கெட்டையே எடுத்துக் கொட்டிருவேன்" என்றார். கார் போனட்டில் ஒரு மணல் துகள் வாட்டர் பேப்பருக்கு அடியில் மாட்டினால் பாதி நாள் வேலை போச்சு என்று அவர் சொன்னபோதுதான் உறைத்தது. 1500ல் உதிர்ந்த துகளும் எபோனைட் கசடும் கிண்ணத்தின் அடியில் படிந்து, 12000 பேடின் ஓரத்து ஃபோமில் ஏறி உட்கார்ந்து, கடைசி நேரத்தில் வந்து கோடு போட்டிருக்கிறது.

சும்மா நம்பிவிடக் கூடாது என்று ஒரு சோதனை செய்தேன். மிச்சம் கிடந்த கறுப்பு ராடு ஒரு துண்டை லேத்தில் மாட்டி, நடுவில் மெல்லிய பள்ளம் ஒன்று வெட்டி இரண்டு பாதியாகப் பிரித்தேன். இடது பாதி பழைய முறையில், கிண்ணத்துத் தண்ணீரில். அப்புறம் பேடுகளை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மறுநாள் வலது பாதி, ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரில். இரண்டுக்கும் அதே வேகம், நிமிடத்துக்கு 600 சுற்று, ஒவ்வொரு பேடுக்கும் அரை நிமிடம். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் நான்கு கோடு, வலது பக்கம் ஒன்றும் இல்லை. கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது, இடது பக்கம் லேசாகப் பால் கலந்த கறுப்பு, வலது பக்கம் கிணற்றுக் கறுப்பு.

இப்போது கழுவும் முறை இப்படி மாறியிருக்கிறது. கழுவத் தொடங்குவது 12000லிருந்து, முடிப்பது 1500ல். நேர்மாறாகச் செய்தால் சொரசொரப்பான துகள் பிரஷ்ஷிலும் விரலிலும் ஒட்டிக்கொண்டு நைசான பேடுக்கு ஏறிவிடும். மெல்லிய நாரிழை உள்ள பழைய பல் துலக்கும் பிரஷ், துணி சோப்பு கொஞ்சம், ஓடும் தண்ணீர். முகத்தை மட்டும் தேய்த்தால் போதாது, நான்கு ஓரத்தையும் கட்டை விரலால் அமுக்கி அமுக்கிக் கழுவ வேண்டும், முதல் தடவை அப்படி அமுக்கியபோது 8000 பேடின் ஓரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் வந்தது, அவ்வளவு நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது. பிழியக் கூடாது, முறுக்கினால் துணி ஃபோமிலிருந்து விட்டுக்கொடுக்கிறது. வெந்நீரும் வேண்டாம், பசை இளகுகிறது. எபோனைட்டுக்குமே வெந்நீர் ஆகாது, கறுப்பு போய்ப் பழுப்பேறிவிடும். காயவைக்கப் பாத்திரக் கூடையில் தட்டு நிறுத்துவது போல ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைக்கிறேன், நிழலில். காய்ந்ததும் தனித்தனி ஜிப் கவர். கவரின் மேல் எண் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் நிறம் வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம் என்றாலும் நாள் போகப் போக எல்லாம் வெளுத்து 3200க்கும் 3600க்கும் குழப்பம் வந்துவிடுகிறது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் எங்கள் பகுதியில் சிறுவாணித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான். காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும். கடைசி மூன்று பேடுக்கு, 6000, 8000, 12000, குடிக்கிற ஃபில்டர் தண்ணீரைத்தான் ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றுகிறேன். ஒரு பேனாவுக்கு அரை டம்ளர் கூடச் செலவாகாது.

தேய்க்கும்போதும் ஒன்று சேர்த்துக்கொண்டேன். லேத் சுற்றும்போது விழும் கோடுகள் எல்லாம் பேரலைச் சுற்றித்தான் விழும், அடுத்த பேடும் அதே திசையில் போனால் பழைய கோடு எது புதிய கோடு எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. ஒவ்வொரு பேடு முடிந்ததும் லேத்தை நிறுத்தி, பேனாவைப் பிடித்திருக்கும் லேத்தின் சக்கைக் (chuck) கையால் திருப்பிக்கொண்டே நீளவாக்கில் ஒரு சுற்று தேய்க்கிறேன், குறுக்குக் கோடு எல்லாம் போனால்தான் அடுத்தது. பிறகு சுத்தமான துணியால் துடைப்பு, அந்தத் துணியும் மாற வேண்டும். அழுத்தவே கூடாது. சூடேறினால் எபோனைட் இளகிப் பேடில் பூசிக்கொள்ளும், பேடின் முகம் கண்ணாடி போலப் பளபளத்துவிட்டால் அது அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், தேயவில்லை. சோப்பு போட்டுக் கழுவினால் திரும்பப் பிடிக்கிறது. லேத் படுக்கைக்கு மேல் ஒரு பாலித்தீன் விரிப்பு கட்டாயம், தண்ணீர் சொட்டி ஒருமுறை துருப்பிடித்து, சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்னும் சரிவராதது இரண்டு. ஒன்று, மூடியின் வாய் ஓரம். பேட் மெத்தென்று இருப்பதால் கூரான விளிம்பை உருட்டிவிடுகிறது, தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி. ஓரத்துக்கு மட்டும் பேடிலிருந்து ஒரு கீற்று வெட்டி, ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டித் தேய்த்துப் பார்த்தேன், பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குச்சி வேண்டும். இரண்டாவது, மூடியைத் திருகும் மரை. மரைக்குள் கறுப்புக் கசடு தங்கிவிடுகிறது. கறுப்பு பேனாவில் தெரியாது, போன மாதம் வெள்ளை அக்ரிலிக் மூடி ஒன்றில் அதே பேடுகளைப் போட்டபோது மரை முழுக்கச் சாம்பல் கோடு. பேடின் ஒரு பக்கம் எபோனைட்டுக்கு, மறுபக்கம் அக்ரிலிக்குக்கு என்று பிரித்தும் பார்த்தேன், ஓரம் வழியாகக் கறுப்புத் தண்ணீர் மறுபக்கம் வந்துவிடுகிறது. அக்ரிலிக்குக்குத் தனி செட் ஒன்று வாங்கத்தான் வேண்டும். மரைக்கு இப்போது டேப் சுற்றிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

ஆறாவது பேனாவுக்கு பச்சையும் கறுப்பும் கலந்த எபோனைட் ராடு வந்திருக்கிறது. கழுத்துப் பகுதியை இந்த முறை 4000த்தோடு நிறுத்தி, கொஞ்சம் மங்கலாகவே விடப் போகிறேன், எழுதும்போது விரல் வழுக்காமல் இருக்கும். பேரலும் மூடியும் 12000 வரை. 3600 பேடின் ஒரு மூலை விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறது, அதைத்தான் அடுத்த ஐஸ்கிரீம் குச்சிக்கு வெட்டப் போகிறேன்.