கண்ணாடி தேய்த்துக்கொண்டிருக்கிறேன்

ஜனவரி 4

நேற்று அக்கா வந்திருந்தாள். நான் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடி தேய்ப்பதை அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏண்டி, டெலஸ்கோப்தான் ரெடிமேடாகவே கிடைக்கிறதே. வாங்கினால் ஆகாதா?"

"ஆகும். நான் செய்வதைவிட நன்றாகவே இருக்கும்."

"அப்புறம் எதுக்கு இது?"

"தேய்க்கப் பிடித்திருக்கிறது."

சிரித்தாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. கிளம்பும்போது, "பாப்பாவுக்கும் சயின்ஸில் ஆர்வம் வரும், இல்லையா?" என்று அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். மன அழுத்தம் குறையும் என்பார் ஒருவர், பொறுமை வளரும் என்பார் இன்னொருவர். பிடித்திருக்கிறது என்ற பதிலை யாராலும் அப்படியே விட முடிவதில்லை. மருந்துச் சீட்டு மாதிரி ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுத்தால்தான் அவர்களுக்கு நிம்மதி.

ஜனவரி 6

வேலை என்னவென்று ஒரு நண்பர் கேட்டதால் எழுதுகிறேன். ஒரே அளவில் இரண்டு வட்டக் கண்ணாடித் தட்டுகள். ஒன்றை டிரம் மேல் அசையாமல் பொருத்த வேண்டும். அதன் மேல் சிலிக்கன் கார்பைடு தூளைத் தூவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டாவது தட்டை வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். சில தள்ளல்களுக்கு ஒருமுறை மேல்தட்டைக் கொஞ்சம் திருப்பி, நாமும் ஓர் அடி நகர்ந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். மேல்தட்டு குழிந்துகொண்டே வரும் (டெலஸ்கோப்புக்கு வேண்டிய குழியாடி அதுதான்), கீழ்த்தட்டு குமிழ்ந்துகொண்டே வரும். எந்தப் பக்கம் தள்ளினாலும், எப்படித் திருப்பினாலும் இரண்டும் முழுக்க ஒட்டியிருக்க வேண்டுமானால் அந்த வளைவு கோளத்தின் ஒரு துண்டாகத்தான் இருக்க முடியும். அதனால் தாறுமாறாகத் தேய்க்கத் தேய்க்க வளைவு தானாகவே ஒழுங்காகிறது. இதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

தூள் புதிதாக இருக்கும்போது கரகரவென்று பெரிய சத்தம். போகப்போக மென்மையாகி, கடைசியில் சத்தமே இல்லாமல் சேறாகிவிடும். துடைத்துவிட்டு அடுத்த சிட்டிகை. காதை வைத்தே வேலை செய்யலாம்.

ஜனவரி 11

அக்காவின் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் தெரியும். தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972-இல் எழுதிய ஒரு கட்டுரையில், குளத்தில் மூழ்கும் குழந்தையைச் சொல்வார். உடை சேறாகும் என்று யாரும் சும்மா நிற்க மாட்டோம். அப்படியென்றால் தூரத்தில் பட்டினியால் சாகும் குழந்தைக்காக, அவசியமில்லாத செலவை விட்டுக்கொடுக்க மட்டும் ஏன் தயங்குகிறோம்? தூரம் ஒரு காரணமாகுமா?

ஆகாது. இந்த வாதத்தில் ஓட்டை தேடிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். எனக்கு எதுவும் முழுசாகத் திருப்தி தரவில்லை. சம்பளத்தில் ஒரு பங்கை நான் தனியே கொடுத்துவிடுகிறேன், அது போதும் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. சிங்கர் சொல்வது சரியென்றால் என் கண்ணாடி மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்க முடியாது. சோபா, டிவி, ஊர்வம்பு, மதியத் தூக்கம் எல்லாமே கூட வர வேண்டும். நாள் முழுக்க டிவி முன்னால் படுத்திருப்பவரிடம் யாரும் நியாயம் கேட்பதில்லை. ஓய்வு என்று விட்டுவிடுகிறோம். அதே நேரத்தில் வியர்க்க வியர்க்க ஒன்றை ஆசையாகச் செய்தால்தான் 'இதனால் என்ன லாபம்?' என்று வருகிறார்கள். உழைப்பு என்று வந்துவிட்டால் கூலி எங்கே என்று கேட்டுப் பழகிவிட்டோம் போல.

ஜனவரி 12

சிங்கருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் சூசன் உல்ஃப், அவரும் தத்துவவாதிதான். 1982-இல் எழுதினார். ஒவ்வொரு நிமிடத்தையும் பிறர் நன்மைக்கே செலவிடும் ஒரு மனிதரைக் கற்பனை செய்யச் சொல்கிறார். அவருக்கு நாவல் படிக்கவோ, ஓபோ என்ற ஊதுகுழலை வாசிக்கவோ, டென்னிஸில் ஆட்டத்தை முன்னேற்றவோ நேரம் இருக்காது. அப்படி ஓர் ஆளாக வாழத்தான் நாம் ஆசைப்படுகிறோமா என்று கேட்கிறார். அப்படிப்பட்டவருடன் ஒரு நீண்ட ரயில் பயணம் போக வேண்டும் என்றால் நான் வேறு பெட்டிக்கு மாறிவிடுவேன்.

ஜனவரி 18

அலுவலகத்தில் ஒருவர் எனக்குச் சாதகமாகப் பேசுவதாக நினைத்து ஹார்டி கதையை எடுத்தார். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஜி. எச். ஹார்டி. தன் கணிதத்தால் உலகுக்கு நல்லதோ கெட்டதோ எந்தப் பயனும் விளையவில்லை என்று 1940-இல் கிட்டத்தட்ட பெருமையாகவே எழுதியவர். அவர் நேசித்த எண் கோட்பாட்டை வைத்துத்தான் 1977-இல் ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறை வந்தது. இணையத்தில் ரகசியம் காக்க அது பரவலாகப் பயன்பட்டது. "பாருங்க, பயனில்லை என்று நினைத்தது எப்படிப் பயன்பட்டது!" என்றார்.

நல்ல கதைதான். ஆனால் வழக்கில் நம்மைத் தோற்கடிக்கும் கதை. பயன் வந்ததால் நியாயம் என்று ஒப்புக்கொண்டால், பயன் வராத ஆயிரம் பேர் வீண் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் கண்ணாடியால் எந்த மறையீடும் வரப்போவதில்லை. புதுக் கோளும் சிக்காது. அதைச் சொன்னேன். "ரொம்ப யோசிக்கிறீங்க" என்றார்.

ஜனவரி 25

அக்கா ஃபோன் செய்தாள். ஓவியம் வரைவதை நிறுத்திவிட்டாளாம். சும்மா வரைந்துகொண்டிருந்தவளை, 'இவ்வளவு நன்றாக வரைகிறாய், விற்கலாமே' என்று நாலு பேர் ஏற்றிவிட்டார்கள். ஆர்டர் வந்தது. எல்லோருக்கும் கிளிதான் வேண்டும். ஜோடிக் கிளி. பச்சை டியூபைத் திறந்தாலே எரிச்சலாக வருகிறது என்றாள்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரையும் மழலைப் பள்ளிக் குழந்தைகள். சிலரிடம் முன்கூட்டியே, 'வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்' என்றார்கள். கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு இப்படி ஆகவில்லை. பரிசு கையில் வந்தது தொல்லையில்லை, அதற்காகத்தான் வரைகிறோம் என்று ஆனதுதான் தொல்லை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "சரி சரி, முதலில் இந்தக் கிளிகளை முடிக்கிறேன்" என்றாள்.

பிப்ரவரி 1

கண்ணாடி தேய்ப்பவர்கள் எல்லோருக்கும் குலதெய்வம் வில்லியம் ஹெர்ஷல். தொழில் இசை. ஓபோ வாசித்தவர் (சூசன் உல்ஃப் இது தெரிந்துதான் அந்த வாத்தியத்தைப் போட்டாரோ என்னவோ), இங்கிலாந்தின் பாத் நகரில் ஆர்கன் வாசிப்பவராக இருந்தவர். தன் தொலைநோக்கிக்குக் குழியாடியைத் தானே செய்தார். அக்காலத்தில் அது கண்ணாடி இல்லை, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். 1781 மார்ச் 13-ஆம் தேதி இரவு, அதன் வழியாகத்தான் யுரேனஸ் கண்ணில் பட்டது.

இந்தக் கதையை வழக்கமாக இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அவர் தங்கை கரோலின்தான் முக்கியம். வார்ப்பு அச்சுக்குக் குதிரைச் சாணத்தை உரலில் இடித்துச் சல்லடையில் சலித்தவள் அவள். அண்ணன் மெருகேற்றும்போது கையை எடுத்தால் வேலை கெடும் என்பதால், உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டியவளும் அவளே. ஒருமுறை அவர் 16 மணி நேரம் கையை எடுக்கவில்லை என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். அவளும் மேடையில் பாடியவள். 1782-இல் அண்ணன் அரசரின் வானியலாளராகப் போனதும் அந்தப் பாட்டு நின்றது.

பிறகு அவளும் வானத்தைப் பார்த்தாள். 1786 முதல் 1797 வரை எட்டு வால்நட்சத்திரங்கள். 1787-இல் அரசரிடமிருந்து தனக்கென்று சம்பளம், 1828-இல் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம். எல்லாம் சரி. ஆனாலும் அந்தப் பாட்டு என் மனசில் உறுத்துகிறது.

யுரேனஸ் சிக்காமலே போயிருந்தாலும் அந்த 16 மணி நேரம் வில்லியமுடையது. அதைச் செலவழிக்க அவருக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. யுரேனஸ் சிக்கிய பிறகும் கரோலினுடைய நேரம் வில்லியமுடையது ஆகாது. 'இதனால் என்ன பயன்?' என்று கேட்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 'இதற்கு யார் நேரம் போகிறது?' என்று கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்லத்தான் வேண்டும்.

பிப்ரவரி 3

கேட்டுவிட்டேன். ஞாயிறு காலை நான் தேய்க்கும்போது பாப்பாவைப் பார்த்துக்கொள்வது கணவர்தான்.

"உங்களுக்கும் இப்படி ஏதாவது வேணுமா? செஸ், கிடார், ஏதாவது?"

ரொம்ப நேரம் யோசித்தார். "சனிக்கிழமை மத்தியானம் தூங்கணும். யாரும் எழுப்பக் கூடாது."

கிடார் என்று சொல்லியிருந்தால் எழுத நன்றாக இருந்திருக்கும். தூக்கம் என்றார். தூக்கம்தான். அதற்கும் நான் பயன் கேட்கக் கூடாது. சனி மத்தியானம் அவருக்கு என்று காலண்டரில் எழுதியாயிற்று.

பிப்ரவரி 8

220-ஆம் நம்பர் தூள் (நம்பர் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்) முடிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பள்ளங்களும் ஒரே அளவு. அடுத்த தூளுக்குப் போகும் முன் டிரம், வாளி, துணி, நகக்கண் வரை கழுவ வேண்டும். பழைய தூளில் ஒரே ஒரு மணி தங்கினாலும் குறுக்கே கீறிவிடும், திரும்பப் பின்னால் போய்த் தேய்க்க வேண்டும்.

இன்னும் தொலைவு இருக்கிறது. தார் மாதிரியான கீலை ஊற்றி, சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத் தூளால் மெருகேற்றிய பிறகுதான், வளைவு சரியா என்று பார்க்க இயற்பியலாளர் லெயோன் ஃபூக்கோ 1858-இல் சொன்ன சோதனை. ஒரு சிறு விளக்கும் ஒரு பிளேடும் போதும். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு மேடும் நிழலாகத் தெரிந்துவிடும். கண்ணாடியில் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால், அந்தச் சூட்டில் அந்த இடம் உப்பி ஒரு குன்று மாதிரி எழுந்து, ஆறிய பிறகு அடங்குமாம். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு அவசரம். ஆனால் கழுவும் வேலையே இன்னும் பாக்கி. நேற்று மத்தியானம் முடித்திருக்கலாம், ஆனால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், பாப்பா என்னிடம் இருந்தாள்.